வாகனக் கண்ணாடியில் தமிழ் எழுத்து ஒட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேனின் பின்கண்ணாடியில் கேட்டரிங் பெயரும் கைப்பேசி எண்ணும், காரில் 'வேல் முருகா' என்று ஒரு வரி, பள்ளி வேனில் பள்ளியின் பெயர். பினாங்கிலும் பட்டர்வொர்த் பக்கமும் இந்த எழுத்துகளை ஸ்டிக்கர் கடையில் வெட்டி வாங்கி வீட்டிலேயே ஒட்டிக்கொள்பவர்கள் நிறைய. புதிதாகச் செய்பவர்கள் ஒட்டும் வேலையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவரை, வேலை கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே. கண்ணாடியைப் பார்க்காமல் அளவு சொல்வார்கள், எழுத்தைச் சரிபார்க்காமல் வெட்டச் சொல்வார்கள், துடைக்காத கண்ணாடியில் ஒட்டுவார்கள். அதனால் இங்கே ஒட்டுவது ஒன்பதாவது படியாகத்தான் வருகிறது. வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதலில் எந்தக் கண்ணாடி என்று முடிவு செய்யுங்கள்

கண்ணாடி முடிவாகாமல் அளவு, நிறம், வினைல் (எழுத்து வெட்டும் பசையுள்ள பிளாஸ்டிக் தாள்) எதையும் தீர்மானிக்க முடியாது.

முன்கண்ணாடியை விட்டுவிடுங்கள். ஓட்டுபவரின் பார்வையை மறைக்கிற எதற்கும் அங்கே இடமில்லை, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடித்தால் சம்மன்தான். மலேசிய விதிப்படி முன்கண்ணாடி 70 விழுக்காடும், முன்கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். 2019 மே 8 முதல் பின்பக்கக் கண்ணாடிகளுக்கு அந்த வரம்பு இல்லை. நம் ஊர்க் கார்களில் பின்பக்கம் நல்ல கறுப்பாக டிண்டட் செய்திருப்பதால் வெளிர் நிற எழுத்து அங்கே பளிச்சென்று தெரியும்.

ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடியும் சரிப்படாது. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் விளிம்பு ரப்பர் எழுத்தை உரசும், கொஞ்ச நாளில் ஓரம் சுருளும். திறக்காத பக்கக் கண்ணாடி உள்ள வேன் என்றால் அது நல்ல இடம்.

பின்கண்ணாடியில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். மைவி, அல்சா மாதிரி பின்வைப்பர் உள்ள வண்டியில் வைப்பர் துடைக்கும் வட்டத்துக்குள் எழுத்து வரக் கூடாது. வைப்பரை ஒரு முறை ஓட்டினால் தூசியில் அதன் எல்லை தெரியும். மேலே இருக்கும் பிரேக் விளக்கை மறைக்கக் கூடாது. ரியர்வியூ கண்ணாடி வழியாக ஓட்டுநர் பார்க்கும் நடுப்பகுதியை முடிந்தவரை விட்டுவிட்டு, கீழ் விளிம்பை ஒட்டி எழுத்தை வைப்பது நல்லது.

வெளிப்பக்கமா உட்பக்கமா என்று பலர் கேட்பார்கள். டிண்டட் உள்ள வண்டிக்கு வெளிப்பக்கம் மட்டுமே. டிண்டட் ஃபிலிம் உட்பக்கம்தான் இருக்கிறது. அதன் மேல் ஒட்டினால் ஒன்று, கறுப்புக்குப் பின்னால் எழுத்து மங்கிப்போகும். இரண்டாவது, பிற்பாடு எழுத்தை உரிக்கும்போது ஃபிலிமும் சேர்ந்து கிழியும்.

லோரிக் கதவில் எழுதும் முதலாளி பெயர், எடை விவரம் எல்லாம் வேறு கணக்கு. அதை ஜேபிஜேயில் கேட்டுச் செய்யுங்கள்.

2. மாஜோங் பேப்பரில் எழுதி ஒட்டிப் பாருங்கள்

புத்தகக் கடையில் விற்கும் பெரிய வெள்ளைத் தாளான மாஜோங் பேப்பரைக் கண்ணாடி அளவுக்கு வெட்டி, தடித்த மார்க்கர் பேனாவால் வாசகத்தை எழுதி, மாஸ்கிங் டேப்பால் கண்ணாடியில் ஒட்டுங்கள். பிறகு இரண்டு கார் நீளம் பின்னால் போய் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். சிக்னலில் பின்னால் நிற்பவர் பார்ப்பது அதைத்தான்.

எழுத்துப் பலகை செய்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: ஓர் அங்குல உயர எழுத்தை 10 அடி தூரத்தில் இருந்து சிரமமில்லாமல் படிக்கலாம். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. தமிழ் எழுத்தில் சுழி அதிகம் என்பதால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் நிற்கும் காருக்கு 2 அங்குலம் போதும். ஓடும் வண்டியில் கைப்பேசி எண்ணும் தெரிய வேண்டும் என்றால் எண்ணுக்கு 3 அங்குலம் கொடுங்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கடையில் '3 அங்குலம்' என்று சொன்னால், 'கீ'யின் மேல்சுழியில் இருந்து 'ழு'வின் கீழ்வளைவு வரை அவர்கள் அளப்பார்கள். நடு எழுத்து பாதியாகச் சுருங்கிவிடும். 'ப' என்ற எழுத்தின் உயரம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், மாஜோங் பேப்பரிலேயே 'ப'வைச் சுற்றிக் கோடு போட்டுக் காட்டுங்கள். இரண்டு வரி என்றால் மேல்வரியின் கீழ்வளைவும் கீழ்வரியின் மேல்சுழியும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும்.

வாசகத்தைக் குறைக்கவும் இதுதான் நேரம். பெயர், என்ன தொழில், எண். நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் எண் சிறுத்துப்போகும். கண்ணாடிக்குக் குத்துவிளக்கும் தாமரையும் வேண்டாம் என்பதே என் கருத்து. அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்த இடத்தில் எண்ணைப் பெரிதாகப் போடலாம்.

3. எழுத்தை வெட்டுவதற்கு முன் சரிபார்ப்பது

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். பல ஸ்டிக்கர் கடைகளில் வெட்டும் இயந்திரத்தில் இருப்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவர் வேலையில் கெட்டிக்காரராக இருப்பார், ஆனால் ஒரு புள்ளி காணாமல் போனால் அவருக்குத் தெரிய வழியில்லை. தமிழுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

வாட்ஸ்அப்பில் வாசகத்தைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு வெட்டச் சொல்லாதீர்கள். கடையின் பழைய மென்பொருளில் அதை ஒட்டும்போது யூனிகோடு எழுத்து சிதறும். 'வே'யில் கொம்பு முன்னால் வராமல் பின்னால் நிற்கும். 'கொ' இரண்டாகப் பிரியும். மெய்யெழுத்தின் புள்ளி தலைக்கு மேலே ஏறாமல் பக்கத்தில் விழும். 'ஸ்ரீ' என்ற எழுத்து 'ஸ்' என்றும் 'ரீ' என்றும் உடைந்து கிடக்கும். வேன் பெயர்களில் பாதி 'ஸ்ரீ'யில்தான் தொடங்குகிறது என்பதால் அதை முதலில் பாருங்கள்.

தீர்வு எளிது. எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்ப வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருள் தமிழைச் சரியாகக் காட்டும். அதில் வாசகத்தைத் தட்டச்சு செய்து, எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, 'பாத்' மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். கோரல்டிராவில் கண்ட்ரோலும் கியூவும் சேர்த்து அழுத்தினால் அதே வேலை நடக்கும். அதற்குப் பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாது.

அதோடு நிறுத்திவிடக் கூடாது. தமிழ் எழுத்துருக்களில் 'கி'யின் சுழி 'க'வின் மேல் கொஞ்சம் ஏறி நிற்பதுண்டு. திரையில் அது ஒரே எழுத்தாகத் தெரியும், ஆனால் வெட்டும் கத்தி இரண்டு கோட்டையும் தனித்தனியாக வெட்டிச் சுழியைத் துண்டாக்கிவிடும். அதனால் குழுவைப் பிரித்து, எல்லா எழுத்தையும் தேர்ந்து, 'யூனியன்' கொடுங்கள். உள்ளே நிரப்பு நிறத்தை எடுத்துவிட்டுக் கோடு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துப் பார்த்தால் எங்கே வெட்டு குறுக்கே போகிறது என்று தெரியும்.

எழுத்துரு தடிமனாக, கோடு எல்லா இடத்திலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். மெல்லிய வால் உள்ள அலங்கார எழுத்து ஒட்டும்போது சுருளும், வெயிலில் முதலில் தூக்கும். 'ண', 'ஞ', 'அ' ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் திறந்து தெரிகிறதா என்று பாருங்கள். மிகத் தடித்த எழுத்துருவில் அது அடைபட்டு, தூரத்தில் இருந்து பார்க்கும்போது ஒரு கட்டியாகத் தெரியும்.

புள்ளியின் குறுக்களவு 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். வரி சிறியது என்றால் எழுத்தை அப்படியே விட்டுவிட்டுப் புள்ளிகளை மட்டும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். சிறிய புள்ளிக்கு ஒட்டும் பரப்பு குறைவு. முதலில் தொலைவது அதுதான்.

கடைசியாக, வெட்டப்போகும் கோப்பைக் காகிதத்தில் அச்செடுத்து, வாசகத்தை முன்னே பின்னே பார்க்காத ஒருவரிடம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

4. வினைல் தேர்வு

கடையில் இரண்டு வகை இருக்கும். காலண்டர் வகை உருட்டித் தட்டையாக்கியது. விலை குறைவு, கொஞ்சம் தடிப்பு, நாளாக ஆகச் சுருங்கப் பார்க்கும். காஸ்ட் வகை திரவமாக ஊற்றி உலர்த்தியது. மெல்லியது, சுருங்காது, வளைவுக்கு நன்றாகப் படியும், விலை கூடுதல். ஒராகால் பிராண்டு எடுத்தால் 651 காலண்டர், 751 காஸ்ட்.

தட்டையான கண்ணாடியில் சாதாரண எழுத்துக்கு நல்ல காலண்டர் வினைலே போதும். வளைவு அதிகமான பின்கண்ணாடிக்கும், பல ஆண்டு இருக்க வேண்டிய தொழில் வேனுக்கும் காஸ்ட் வாங்குங்கள். ஒராகால் 631 போன்ற சுவர் வினைலை வண்டிக்கு வாங்க வேண்டாம். எளிதாக உரிப்பதற்காகவே அதன் பசை பிடிப்புக் குறைவாகச் செய்யப்பட்டது.

உற்பத்தியாளர் சொல்லும் ஆண்டுக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அது மிதமான வெயிலில் நேராக நிற்கும் பரப்புக்குச் சொன்னது. சாய்ந்த பின்கண்ணாடியும் நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் அந்தக் கணக்கு குறையும்.

நிறத்தில் யோசிக்கவே தேவையில்லை: கறுத்த கண்ணாடிக்கு வெள்ளை. மஞ்சளும் எடுக்கும். சிவப்பு, கருநீலம் டிண்டட்டுக்குள் மறைந்துவிடும், சிவப்பு சீக்கிரம் வெளுக்கும்.

5. கடையை விட்டுக் கிளம்பும் முன்

உங்கள் கையில் தருவது மூன்று அடுக்கு: அடியில் மெழுகுத்தாள், நடுவில் எழுத்து, மேலே எழுத்தைக் கலையாமல் கண்ணாடிக்கு மாற்றும் டிரான்ஸ்பர் டேப். எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத வினைலைக் கடைக்காரர் உரித்தெடுத்திருப்பார். டேப் போடுவதற்கு முன்பே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு பார்த்தால் திருத்த முடியாது.

ஒரு கேட்டரிங் அக்காவின் வேனுக்கு எழுத்து வாங்கப் போனபோது, மேசையில் கிடந்ததைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கேட்டார்: "தம்பி, சமையல்ல புள்ளியக் காணோமே?" வேண்டாத வினைல் சுருண்டு கிடந்த குப்பைப் பெட்டியைக் கிளறினால், சுருளின் ஓரத்தில் வெள்ளையாக அந்தப் புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் இன்னொன்று வெட்டிக் கொடுத்துவிட்டார். நீங்களும் ஒவ்வொரு மெய்யெழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். கூடவே நான்கைந்து புள்ளிகளை உபரியாக வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒன்று விழுந்தால் உதவும்.

சுருட்டி எடுத்துப் போகலாம், மடிக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதீர்கள்.

6. பொருளும் நேரமும்

பிளாஸ்டிக் ஸ்குவீஜி (அழுத்தித் தேய்க்கும் தகடு) ஒன்று, ஓரத்தில் ஃபெல்ட் துணி ஒட்டியதாக இருந்தால் நல்லது. மாஸ்கிங் டேப், அளவு நாடா, கத்தரி, ஊசி, பஞ்சு உதிராத மைக்ரோஃபைபர் துணி இரண்டு. ஃபார்மசியில் 70 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால். ஸ்டிக்கர் கடையிலும் ஹார்ட்வேர் கடையிலும் எல்லாம் கிடைத்துவிடும்.

காலை வேளையில், கூரை உள்ள போர்ச்சில் செய்யுங்கள். புறங்கையைக் கண்ணாடியில் வையுங்கள், சூடு சுட்டால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். சூடான கண்ணாடியில் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், வினைலும் இளகி இழுபடும். மதியத்துக்கு மேல் என்றால் நம் ஊரில் மழையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

7. கண்ணாடியைத் துடைப்பது

முதலில் கார் ஷாம்பூ போட்டுக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் பிசின் துளி காய்ந்து ஒட்டியிருக்கும். விரல் நுனியால் தடவினால் நெருடும். வெளிப்பக்கம் என்பதால் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டலாம்.

பிறகு ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். உலர்ந்த துணியால் உடனே ஒற்றி எடுங்கள். மீண்டும் ஒரு முறை. வீட்டுக் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் பளபளப்பாகக் காட்டும், ஆனால் மெல்லிய படலத்தை விட்டுப்போகும். பசை கண்ணாடியில் பிடிக்காமல் அந்தப் படலத்தின் மேல் பிடிக்கும். மெழுகு, மழைநீர் ஒட்டாமல் இருக்கப் பூசும் திரவம் பூசிய கண்ணாடிக்குக் கூடுதலாக ஒரு முறை துடைக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது என்றால் பூச்சு இன்னும் போகவில்லை.

துடைத்த பிறகு விரலால் தொடாதீர்கள்.

8. இடம் குறிப்பது

மட்டப்பலகை இங்கே உதவாது. போர்ச் தரை சாய்ந்திருக்கும், வண்டியும் அதோடு சாயும். கண்ணாடியின் கீழ் விளிம்பில் இருந்து இரண்டு பக்கமும் அளந்து மாஸ்கிங் டேப்பால் குறியிடுங்கள். பின்கண்ணாடியில் ஹீட்டர் கம்பி ஓடினால் அந்தக் கோடுகளே நல்ல வழிகாட்டி.

எழுத்தைத் தாளோடு அப்படியே தூக்கி வைத்து, நான்கு மூலையிலும் சிறு டேப் போட்டுவிட்டுத் தூரப் போய்ப் பாருங்கள். வளைந்த கண்ணாடியில் நீண்ட வரி நடுவில் தூக்கியோ தொங்கியோ தெரியும். அப்படியென்றால் சொற்களுக்கு இடையே தாளை வெட்டி, ஒவ்வொரு சொல்லையும் தனியாகச் சரிசெய்யுங்கள்.

திருப்தியானதும் வரியின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நீண்ட மாஸ்கிங் டேப் போடுங்கள். அதன் இரு முனையும் கண்ணாடியில் நன்றாகப் பிடித்திருக்க வேண்டும். இதுதான் கீல். இனி எந்தப் பக்கம் தூக்கினாலும் எழுத்து அதே இடத்துக்குத் திரும்பும். கீல் போடாமல் கண்ணளவில் ஒட்டுபவர்களின் வரிதான் கோணலாகிறது.

9. ஒட்டுவது

மூலை டேப்களை எடுத்துவிட்டு, வலப்பக்கப் பாதியைக் கீல்வரை தூக்குங்கள். மெழுகுத்தாளை மெதுவாக உரியுங்கள். டேப்பை எழுத்தில் இருந்து பிரிக்காமல், தாளை டேப்பில் இருந்து பிரிக்க வேண்டும். ஏதாவது எழுத்து தாளோடு போகப் பார்த்தால் தாளைத் திரும்பப் படிய வைத்து, அந்த இடத்தை ஸ்குவீஜியால் தேய்த்துவிட்டு மறுபடி உரியுங்கள். உரித்த தாளைக் கீல் அருகே கத்தரியுங்கள்.

எழுத்துப் பக்கம் கண்ணாடியைத் தொடாமல் ஒரு கையால் இழுத்துப் பிடியுங்கள். மறுகையில் ஸ்குவீஜியை 45 பாகைச் சாய்வில் பிடித்து, கீலில் இருந்து வெளிப்பக்கமாகத் தேயுங்கள். ஒவ்வொரு தேய்ப்பும் முந்தியதில் பாதிமேல் ஏற வேண்டும். காற்றுக்கு வெளியேற வழி இருக்க வேண்டும் என்பதால்தான் நடுவில் தொடங்குகிறோம். ஓரத்தில் தொடங்கினால் காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். பிறகு கீல் டேப்பை எடுத்துவிட்டு இடப்பக்கத்தையும் அப்படியே செய்யுங்கள். முடிந்ததும் முழு வரியையும் அழுத்தித் தேயுங்கள், புள்ளிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக.

தண்ணீர் தெளித்து ஒட்டலாமா? அகலமான சின்னம், ஓர் அடிக்கு மேல் உயரமான எழுத்து என்றால் உதவும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஒரு லிட்டர் நீரில் இரண்டு மூன்று துளி பேபி ஷாம்பூ போதும். நுரை வரும் அளவுக்குப் போட்டால் பசை பிடிக்காது. சிறிய எழுத்துக்குத் தண்ணீர் வேண்டாம், புள்ளிகள் நீந்திப் போய்விடும். பசையில் காற்றுக்கால்வாய் உள்ள வினைலுக்கும் ஆகாது. கால்வாயில் நீர் தங்கிவிடும்.

10. டிரான்ஸ்பர் டேப்பை உரிப்பது

அவசரம் கூடாது. பத்து நிமிடம் விட்டு, ஒரு மூலையில் இருந்து டேப்பை அதன் மேலேயே மடித்து, கண்ணாடியை ஒட்டியபடி இழுங்கள். வெளிப்பக்கமாக, உங்களை நோக்கி இழுத்தால் எழுத்தும் கூடவே வரும். தண்ணீரில் ஒட்டியிருந்தால் அரை மணி நேரமாவது பொறுங்கள்.

ஒரு புள்ளி டேப்போடு எழுந்தால் உடனே நிறுத்தி, டேப்பைத் திரும்ப வைத்து, நகத்தால் அந்தப் புள்ளியை அழுத்தி, வேறு திசையில் இருந்து உரியுங்கள்.

11. குமிழி

சின்னக் குமிழிகளை விட்டுவிடுங்கள், சில நாள் வெயிலில் தானே அடங்கும். பெரியதை ஓரத்தில் ஊசியால் ஒரு குத்து குத்தி, விரலால் காற்றைத் தள்ளுங்கள். பிளேடால் கீறினால் கீறல் நாளாக விரியும். குமிழிக்காக எழுத்தை உரித்துத் திரும்ப ஒட்டப் பார்க்காதீர்கள், ஒரு முறை இழுபட்ட வினைல் பழைய வடிவத்துக்கு வராது.

12. பராமரிப்பு

முதல் நாள் முழுக்க வண்டியைக் கழுவ வேண்டாம், மழையில் நிறுத்தாமல் இருந்தால் நல்லது. பசை முழுப் பிடிப்புக்கு வர ஓரிரு நாள் ஆகும்.

கார் வாஷுக்குப் போனால் பிரஷர் குழாயை எழுத்தின் ஓரத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓர் அடியாவது தள்ளி, நேராகப் பீய்ச்சினால் ஒன்றும் ஆகாது. பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர்தான் ஓரத்துக்கு அடியில் புகுந்து தூக்கும். கண்ணாடிக்கு மெழுகு போடும்போது எழுத்தைச் சுற்றி விட்டுவிடுங்கள்.

13. கழற்றுவது

எண் மாறும், வண்டி கை மாறும். காலையில் வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்தினாலே வினைல் இளகிவிடும். போதவில்லை என்றால் தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையர் போதும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டினால் கண்ணாடி விரிசல் விடலாம்.

ஓரத்தை நகத்தால் தூக்கி, கண்ணாடியை ஒட்டியபடி மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் வினைல் வரும், பசை கண்ணாடியில் தங்கும். பழைய வினைல் துண்டு துண்டாக உடைந்தால் வெளிப்பக்கத்தில் பிளேடைப் பயன்படுத்தலாம், கண்ணாடியை ஈரமாக வைத்துக்கொண்டு. பின்கண்ணாடியின் உட்பக்கத்தில் மட்டும் உலோகப் பிளேடு படவே கூடாது. ஹீட்டர் கம்பி கண்ணாடியின் மேல் அச்சிட்ட மெல்லிய கோடுதான், ஒரு கீறலில் அறுந்துவிடும்.

மிஞ்சிய பசையில் டபிள்யூடி-40 தெளித்து ஐந்து நிமிடம் ஊற விட்டால் துணியோடு வந்துவிடும். புதிய எழுத்து ஒட்டப்போகிறீர்கள் என்றால் அந்த எண்ணெய்ப் பசையைப் போக்க ஷாம்பூவால் கழுவி, ஏழாவது படியில் இருந்து திரும்பத் தொடங்குங்கள்.